பின்னால் உட்கார ஆசைப்பட்ட அக்கா

டேங்க் நிறைய பெட்ரோல் இருந்த ஒரு வண்டியை, சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தவன் நான். மூன்று வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதுதான் முதலில் வந்து நிற்கிறது. சொல்லிவிடுகிறேன்.

வண்டி அக்காவுடையது. அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்த காலம். ஆஸ்பத்திரி சத்திரத்துக்குப் பக்கத்தில். அக்காவே வண்டியை ஓட்டிக்கொண்டு போவார். துணைக்கு நான் பின்னால் உட்கார்ந்து போவேன். சரியாகத்தான் படித்தீர்கள். நோயாளி ஓட்டுவார், துணைக்கு வந்தவன் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எனக்கு அப்போது வயது ஐம்பது. இரு சக்கர வாகனம் ஓட்டத் தெரியாது.

அன்றைக்கு டயாலிசிஸ் முடிந்து எழுந்ததும் அக்காவுக்குத் தலை சுற்றியது. இருவரும் ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தோம். வண்டி ஸ்டாண்டிலேயே நின்றது. "யாரையாவது விட்டு எடுத்தாரச் சொல்லிடறேன்க்கா" என்று சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். எதிர் வீட்டில் கேட்டிருந்தால் கால் மணி நேரத்தில் எடுத்து வந்து கொடுத்திருப்பார்கள். கேட்க வெட்கமாக இருந்தது. பஸ் ஏறிப் போய், மத்தியான வெயிலில் நானே தள்ள ஆரம்பித்தேன்.

காவேரிப் பாலம் ஏறியதும் விசாரணை தொடங்கியது. "என்ன சார், பெட்ரோல் தீந்துருச்சா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமாங்க" என்றேன். அதுதான் கௌரவமான பதிலாகப் பட்டது. நாலாவதாக வந்தவர் நல்ல மனிதர். வண்டியை நிறுத்தி, சீட்டுக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

"சாவியக் குடுங்க சார், ஊத்திடறேன்."

"பரவால்லைங்க, பக்கத்துலதான் வீடு."

"இருக்கட்டும் சார். இந்த வெயில்ல யாரு தள்ளுவா?"

மூடியைத் திறந்தவர் உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். "சார், தளும்புது சார்!"

"அப்ப இஞ்சின்ல ஏதோ கோளாறு போல."

அவர் பட்டனை அமுக்கினார். வண்டி ஒரே அமுக்கில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. பாட்டிலை மூடிக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "திருட்டு வண்டியா சார்?"

வேறு வழியில்லாமல் அக்காவுக்குப் போன் போட்டு அவரிடம் கொடுத்தேன். ஸ்பீக்கரில் இல்லாமலே அக்காவின் குரல் பாலம் முழுக்கக் கேட்டது. "அவன் என் தம்பிதாங்க. ஓட்டத் தெரியாதுங்க. நல்லவன்தான், விட்டுடுங்க."

அந்த மனிதர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். இந்த நினைவு மலர் பதினாறாம் நாள் காரியத்தன்றே உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டியது. எழுதும் பொறுப்பு என்னுடையது. ஆகவேதான் வருட நினைவு நாளில் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். தாமதத்துக்கு அச்சகத்தார் காரணமில்லை.

அக்கா பிறந்தது உப்பிலியபுரத்தில். அப்பாவுக்கு அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் லேத் வேலை கிடைத்ததும் குடும்பம் திருச்சிக்கு வந்தது. அக்காவுக்கு அப்போது எட்டு வயது, எனக்கு நாலு. பிளஸ் டூ முடித்து ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த வருடம் அப்பாவின் வலது கை மெஷினில் மாட்டிக்கொண்டது. அக்கா விண்ணப்பத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுத் தையல் யூனிட்டுக்கு வேலைக்குப் போனார். நான் ஐ.டி.ஐ. படித்தது அந்தச் சம்பளத்தில்தான். படித்துவிட்டு அப்பா நின்ற பட்டறையிலேயே போய் நின்றேன். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறேன். இருசக்கர வண்டிக்கான உதிரிப் பாகங்கள் கடைகிறோம். இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று எங்கள் பட்டறையில் சொல்லிப் பார்த்திருக்கிறேன், யாரும் கேட்பதில்லை.

அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம் ஸ்ரீரங்கம். அத்தான் தங்கமானவர், அதிகம் பேசமாட்டார். ஞாயிறு சாயங்காலம் அக்காவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கொள்ளிடப் பாலம் வரைக்கும் போய்விட்டு வருவார். ஒரே மகள் ஏழாவது படிக்கும்போது அத்தானுக்கு மாரடைப்பு வந்தது. அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. வண்டியை உறை போட்டு மூடி வாசல் ஓரத்தில் நிறுத்தினார்கள்.

கல்யாண வீடுகளுக்குத் தாம்பூலப் பை தைத்துக் கொடுப்பது என்று அக்கா முடிவு செய்தார். தைப்பது பிரச்சினை இல்லை. துணி எடுக்கவும் மண்டபம் மண்டபமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கவும்தான் ஆள் வேண்டும். "நீ வண்டி ஓட்டக் கத்துக்கடா. ஞாயித்துக்கிழமை வந்து ஒரு நடை அடிச்சுக் குடுத்தாப் போதும்" என்றார். நானும் கற்றுக்கொள்வதாகச் சொன்னேன். நல்ல நாள் பார்த்து ஆரம்பிப்பதாகச் சொன்னேன்.

எனக்கும் வண்டிக்கும் பழைய பகை ஒன்று உண்டு. பத்தொன்பது வயதில் நண்பனின் மொபெட்டை வாங்கி, சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு தக்காளி வண்டிக்குள் கொண்டுபோய் விட்டேன். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கதையை நானே முதலில் சொல்லிச் சிரித்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். கல்யாண வீட்டில், டீக்கடையில், பட்டறையில் முப்பது வருடம் அதைச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அக்கா மட்டும் ஒரு நாள் சொன்னார். "நீ சிரிக்க வச்சே தப்பிச்சுக்கறடா."

அக்கா வீட்டுக் கூடத்தில் தினசரி காலண்டர் ஒன்று தொங்கும். போனால் அதைத்தான் முதலில் பார்ப்பேன். இன்று அஷ்டமி. நாளை நவமி. நாளை மறுநாள் கரிநாள். அதுவும் இல்லாத நாளில் என் ராசிக்குச் சந்திராஷ்டமம் இருக்கும். ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது. புரட்டாசியில் வேண்டாம். ஐப்பசியில் மழை. மார்கழியில் பனி. சித்திரையில் வெயில் மண்டையைப் பிளக்கும். எல்லாம் போக வைகாசி மிச்சமிருந்தது. வைகாசியில் எனக்குப் பல்வலி.

இப்படியே இரண்டு வருடம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வண்டியின் உறை தரையில் கிடந்தது, வண்டியைக் காணோம். எதிர் வீட்டுக் கல்லூரிப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அக்கா கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு காலி மனைக்குப் போயிருந்தார். ஓடிப் போய்ப் பார்த்தால், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். முழங்கையில் ரத்தம்.

"என்னக்கா இது? மணி அஞ்சாவுது. ஞாயித்துக்கிழமை நாலரையிலேருந்து ஆறு ராகு காலம். இதுல ஆரம்பிச்சா விளங்குமா?"

"விளங்குதோ என்னவோ, எடம் காலியா இருக்குடா. நல்ல நேரத்துல வந்தா டிரைவிங் ஸ்கூல்காரங்க பத்துப் பேரு நிக்கிறாங்க. தள்ளு, இடிச்சுடுவேன்."

நான் தள்ளி நின்றேன். உண்மையிலேயே இடித்திருப்பார்.

அதற்குப் பிறகு அதுவே அக்காவின் வழக்கமாகிவிட்டது. அவரும் என்னைப் போலவே காலண்டரைப் பார்ப்பார். வேறு காரணத்துக்காகப் பார்ப்பார். லைசென்ஸ் டெஸ்டுக்கு அஷ்டமியன்று போனார். முன்னால் நாலே பேர்தானாம். பவர் மெஷின் வாங்கக் கரிநாளில் போனார். கடைக்காரர் உட்கார வைத்து, நாற்பது நிமிடம் ஓட்டிக் காட்டி, டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். சாமி கும்பிடுவதில் அக்கா குறை வைத்தவரில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் இருந்ததில்லை. "நாள் என்னடா பண்ணும், பாவம். அதும்பாட்டுக்கு வருது, போவுது" என்பார்.

பன்னிரண்டு வருடம் ஓட்டினார். முன்னால் துணிக்கட்டு, பின்னால் பைக்கட்டு. சில நாள் பைக்கட்டுக்குப் பதில் நான். மகளைப் படிக்க வைத்தார். மகள் இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறாள். நம் சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் தாம்பூலப் பை அக்கா தைத்ததாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டிலும் இரண்டு மூன்று கிடக்கும். காய்கறி வாங்கப் போகிற பையின் உள்தையலைத் திருப்பிப் பாருங்கள். இரட்டைத் தையல் இருந்தால் அது அக்காவின் கை.

நோய் வந்த பிறகும் ஓட்டுவதை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த நர்ஸ் ஒருவர், ஹெல்மெட்டோடு நின்ற அக்காவைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துப் படுக்கைக்கு அழைத்துப் போனார்.

"நீங்க படுங்க சார். அட்டென்டர் அம்மா வெளிய இருக்கட்டும்."

"படுடா, படு" என்றார் அக்கா. "உனக்கும் ஒரு தடவை சுத்தம் பண்ணிடட்டும்."

வார்டே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் கொஞ்சமும் ரசிக்கவில்லை என்பதை இப்போது சொல்லிக்கொள்ளலாம்.

பாலத்தில் வண்டி தள்ளிய அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். சட்டையைப் பிழியலாம். அக்கா கட்டிலில் படுத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"எனக்கு ஒரு ஆசைடா. ஒரு தடவை பின்னாடி உக்காந்து வரணும்."

"எங்கக்கா?"

"கொள்ளிடப் பாலம் வரைக்கும். உங்க அத்தான் போனதுலேருந்து நானேதான் ஓட்டறேன். கண்ணு ரோட்டுலயே இருக்கு. தண்ணி போவுதா மணல் கெடக்குதான்னுகூடத் திரும்பிப் பாத்ததில்ல. பின்னாடி உக்காந்தா வேடிக்கை பாத்துக்கிட்டு வரலாம்ல?"

அந்த வாரம் ஓசூரிலிருந்து வந்த மகள், "நான் கூட்டிட்டுப் போறேன் வாங்கம்மா" என்று சாவியை எடுத்தாள். அக்கா வரவில்லை. "உன் கூட எப்ப வேணா வருவேன். இவன் ஓட்டணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்கப்புறம் உன்ன யாருடா ஏத்திக்கிட்டுப் போவா?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பிறகாவது நான் மறுநாளே தொடங்கியிருப்பேன் என்று நீங்கள் நினைத்தால், என்னை உங்களுக்குச் சரியாகத் தெரியாது. டிரைவிங் ஸ்கூலில் விண்ணப்பம் வாங்கினேன். அது சட்டைப் பையோடு துவைக்கப் போயிற்று. இன்னொன்று வாங்கினேன். போட்டோ எடுக்க வேண்டியிருந்தது. போட்டோவுக்கு முடி வெட்ட வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை முடி வெட்டக் கூடாது. கிட்டத்தட்ட இரண்டு வருடம். அக்காவின் கை வீங்கிக்கொண்டே வந்தது. வண்டி ஓட்டுவது குறைந்து, நின்று, ஆட்டோவானது. அந்த இரண்டு வருடமும் வாரம் இரண்டு நாள் அவர் பக்கத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். ஒருமுறைகூட அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லியிருப்பேன். கேட்காமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லை.

கடைசியில், சென்ற வருடம் ஆவணியில் ஒரு வளர்பிறை முகூர்த்த நாளைக் குறித்தேன். வியாழக்கிழமை. அஷ்டமி இல்லை, நவமி இல்லை, என் ராசிக்கும் ஒன்றுமில்லை. அக்காவிடம் சொன்னபோது எழுந்துபோய்க் காலண்டர் தாள்களைத் தூக்கி, அந்தத் தாளில் பேனாவால் ஏதோ எழுதினார். எனக்குக் காட்டவில்லை.

அதற்கு முந்தைய வாரம் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கிருமித் தொற்று என்றார்கள். சனிக்கிழமை பார்க்க விட்டார்கள்.

"வியாழக்கிழமை ஞாபகம் இருக்காடா?"

"இருக்குக்கா. ஹெல்மெட்கூட வாங்கிட்டேன். ரெண்டு. உனக்கும் ஒண்ணு."

"ஹெல்மெட்டா?" உதடு வறண்டிருந்தது, ஆனாலும் கேலி குறையவில்லை. "பெரிய முன்னேத்தம்தான்."

நான் வாங்கியிருக்கவில்லை. வெளியே வந்ததும் நேராகக் கடைக்குப் போய் இரண்டு வாங்கினேன். கையில் இரண்டு ஹெல்மெட்டோடு அரியமங்கலம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா போய்விட்டார். மணி ஐந்து இருக்கும். அது என்ன நேரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காரியம் முடியும் வரை காலண்டரில் யாரும் தாள் கிழிக்கவில்லை. பதினாறாம் நாள் எல்லோரும் போன பிறகு, மகள் எல்லாத் தாள்களையும் சேர்த்துக் கிழித்தாள். ஒரு தாளை மட்டும் தனியாக எடுத்து என்னிடம் நீட்டினாள். அக்காவின் கையெழுத்து. "தம்பி வண்டி. காலை 6 மணி. நீலப் புடவை."

அந்தத் தாளை மடித்து பர்சில் வைத்தேன். உடனே தொடங்கினேனா என்றால், இல்லை. துக்க வீட்டில் ஒரு வருடத்துக்குப் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா? அதைவிடப் பெரிய அனுமதி எனக்கு வேறு எப்போது கிடைக்கும்? பத்து மாதம் நிம்மதியாகச் சோம்பிக் கிடந்தேன். நிம்மதி என்று எழுதிவிட்டேன். பர்சைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தாள் இருந்தது. பஸ்ஸில் டிக்கெட் எடுக்கவே சங்கடமாகப் போயிற்று.

இரண்டு மாதத்துக்கு முன் அக்கா மகள் வந்தாள். ஒரு வாரம் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டு, வீட்டை ஒழுங்கு செய்யலாம் என்று. முதல் நாளே கேட்டாள்.

"வண்டிய வித்துடலாமா மாமா? யாரும் ஓட்டல. சும்மா நின்னா பாட்டரி போயிடும்."

"இரு."

"எதுக்கு இருக்கணும்?"

கடிகாரத்தைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, நாலே முக்கால். "கொள்ளிடக் கரைல அந்த மனை இன்னும் காலியாத்தான் கெடக்குதா?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

முதல் நாள் இரண்டு தடவை விழுந்தேன். "பிரேக்கப் பிடிங்க மாமா, என்னப் பிடிக்காதீங்க" என்று அவள் கத்தினாள். இரண்டாம் நாள் நேராகப் போனேன், திரும்பத் தெரியவில்லை. வேலியில் போய் நின்றேன். மூன்றாம் நாள் ஒரு பக்கம் மட்டும் திரும்பினேன். தினமும் பட்டறை விட்டதும் பஸ் பிடித்து ஓடிவந்தேன். வெள்ளிக்கிழமை அந்த மனையை யார் துணையும் இல்லாமல் பத்துச் சுற்று சுற்றினேன். பயமாகத்தான் இருந்தது. தக்காளி வண்டி கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று. அதோடேயே ஓட்டினேன். அதற்குள் எல்.எல்.ஆரும் கைக்கு வந்தது.

இந்த மலரைப் பெற்றுக்கொள்ளும் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. நான்கு வருடம் அக்காவின் கையில் வலிக்காமல் ஊசி குத்தப் பாடுபட்ட டயாலிசிஸ் நர்ஸ்களுக்கும், என்னைப் படுக்கச் சொன்னவருக்கும்கூட, எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அழைத்த நேரத்துக்கெல்லாம் வந்த தெரு ஆட்டோக்காரருக்கு, வாரம் இரண்டு நாள் அனுமதி கொடுத்துவிட்டுக் காரணம் கேட்காத பட்டறை முதலாளிக்கு, எங்கள் வீடு, அக்கா வீடு என்று இரண்டு வீட்டு வேலையையும் ஒரு வீட்டு வேலைபோல் பார்த்த என் மனைவிக்கு, கொள்ளிடக் கரையில் அக்காவுக்கு முதல் பாடம் சொன்ன எதிர் வீட்டுப் பெண்ணுக்கு நன்றி. காவேரிப் பாலத்தில் பெட்ரோல் ஊற்ற வந்தவர் யாரென்று தெரியாது. அவர் பாட்டிலைத் திறந்த மனதுக்கும் நன்றி. இந்த மலர் உங்கள் கைக்கு வந்திருக்கும் பை, அக்கா தைத்து வைத்திருந்த கடைசிக் கட்டிலிருந்து எடுத்தது.

சனிக்கிழமை காலையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஆறு மணிக்குக் கிளம்பினோம். நான் ஓட்டினேன். அக்காவுக்கு வாங்கிய ஹெல்மெட்டை, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல், மகள் மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். கொள்ளிடப் பாலத்தில் மெதுவாகப் போனேன். ஆற்றில் தண்ணீரா மணலா என்று நான் பார்க்கவில்லை, கண் ரோட்டிலேயே இருந்தது. அந்தப் பக்கம் போய்த் திரும்பி, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். இஞ்சினை அணைத்துவிட்டு, எப்படி ஓட்டினேன் என்று கேட்டேன். ஒரு பாராட்டை எதிர்பார்த்துத்தான் கேட்டேன், பொய் சொல்வானேன்.

அவள் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அதை என் கையில் கொடுத்தாள்.

"நல்லாத்தான் ஓட்டுறீங்க மாமா. கத்துக்க மொத்தமே ஆறு நாள்தான் ஆயிருக்கு."